கிணற்று மோட்டாரில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது?

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து எம்.இ. எம்பெடட் சிஸ்டம்ஸ் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அப்பாவின் வாழைத்தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டரும் மண் ஈரம் பார்க்கும் சென்சாரும் சேர்த்து ஒரு ப்ராஜெக்ட் செய்தேன். நன்றாக ஓடுகிறது. ரிவ்யூவில், இதில் ஆராய்ச்சி எங்கே என்று கேட்டுவிட்டார்கள். சைபர் பிசிக்கல் சிஸ்டம் என்று பேர் வைத்தால் மட்டும் ஆராய்ச்சி ஆகிவிடுமா அண்ணாச்சி? இந்தத் துறையில் தீராத கேள்வி என்று உண்மையிலேயே ஏதாவது மிச்சம் இருக்கிறதா?”

தம்பி, நீங்கள் தலைப்புப் பட்டியல் கேட்கவில்லை. அது எந்த மாநாட்டு அறிவிப்பிலும் கிடைக்கும். ஓடுகிற ஒரு பொருளுக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேராசிரியர் இல்லை, முனைவர் பட்டமும் கிடையாது. 11 வருடம் பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காத்தாடிகளில், அதாவது காற்றாலைகளில், கன்ட்ரோல் பேனல் பார்த்தேன். அப்புறம் 12 வருடமாக பம்ப்செட் கருவிகளுக்கு ப்ரோகிராம் எழுதுகிறேன். மோட்டார், கரண்ட், நேரம் பற்றி நான் சொல்வது கையைச் சுட்டுக்கொண்டு கற்றது. கணித நிரூபணம், ஹேக்கிங் பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது.

பேரைப் பற்றி ஒரு வரி. கணினியும் அது ஓட்டும் இயந்திரமும் சேர்ந்த அமைப்புதான் சைபர் பிசிக்கல் சிஸ்டம். ‘சைபர் பிசிக்கல்’ என்ற சொல்லை 2006 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இருந்த ஹெலன் கில். கணினி ஒரு இயந்திரத்தை ஓட்டுவது அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. கணினியைத் தனியாகவும் இயந்திரத்தைத் தனியாகவும் சரிபார்த்தால் போதாது, இரண்டும் சேரும்போது வரும் சிக்கல் தனிச் சிக்கல் என்பதைத்தான் அந்தப் பேர் வற்புறுத்துகிறது. ஆகவே பேர் வைத்தால் ஆராய்ச்சி ஆகாது, சரிதான். ஆனால் உங்கள் ப்ரோகிராம் வெளியுலகத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்லாமல் சில விஷயங்களை நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை பொய்க்கும் இடத்தில்தான் ஆராய்ச்சி கிடக்கிறது என்பது என் கட்சி.

என் சொந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மூன்று ஃபேஸில் ஒன்று போனால் காயில் கருகும் என்பது பம்ப்செட்காரர் எல்லாருக்கும் தெரியும். அதைத் தடுக்க நான் முதலில் எழுதிய ப்ரோகிராம் மூன்று ஃபேஸின் வோல்டேஜையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று இல்லையென்றால் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான கான்டாக்டரை விட்டுவிடும். மேஜையில் வைத்து ஒரு ஒயரைப் பிடுங்கினேன், டக்கென்று விட்டது. களக்காட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாட்டினோம். மூன்றாவது மாதம் மோட்டார் கருகிவிட்டது, கருவி கடைசிவரை மூன்று ஃபேஸும் இருப்பதாகவே காட்டியிருக்கிறது. காயில் கட்டுகிறவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நடந்தது இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போனாலும் அது உடனே நிற்காது, மீதி இரண்டில் இழுத்துக்கொண்டு ஓடும். அப்படிச் சுழலும் ரோட்டார், போன ஃபேஸின் முனையில் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும், அதுவும் இயல்பான அளவுக்குக் கிட்டத்தட்ட. என் கருவி அளந்தது நிஜ வோல்டேஜ்தான். ஆனால் அது கம்பத்திலிருந்து வரவில்லை, கருகிக்கொண்டிருந்த மோட்டாரே கொடுத்தது.

வோல்டேஜை விட்டுவிட்டு மூன்று ஒயரின் கரண்டைப் பார்த்தால் இந்தக் குட்டு உடைந்துவிடும். தெரிந்தவர்களுக்கு இது புது விஷயமே இல்லை, எனக்குத்தான் அன்று தெரியவில்லை. ஆகவே இதில் ஆராய்ச்சி இல்லை. ஆனால் இதன் பொது வடிவம் இன்னும் தீரவில்லை: அளக்கப்படும் பொருளே அளவைத் திரித்துக் காட்டும்போது, தன் நம்பிக்கை உடைந்துவிட்டது என்று கருவி எப்படிக் கண்டுகொள்ளும்? கரண்ட் குறைந்தால் கிணறு வற்றிவிட்டது என்று முடிவு செய்யும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுழலும் மோட்டாரும் காந்தப்புலத்துக்காகவே முழுக் கரண்டில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இழுக்கும். நடுராத்திரியில் ஊரில் லோடு குறைந்து வோல்டேஜ் ஏறினால் அதுவும் கூடவே ஏறும். வற்றிய கிணறு, தண்ணீர் உள்ள கிணறு மாதிரியே தெரியும். இழுக்கும் கரண்டில் எவ்வளவு நிஜ வேலைக்குப் போகிறது என்று காட்டும் பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பார்த்தால் பாதி தப்பிக்கலாம்.

உங்கள் மண் சென்சாருக்கும் இதே வியாதி. நீங்கள் இருப்பது ஆற்று வண்டல், தப்பித்தீர்கள். அதே சென்சாரைக் கயத்தாறுப் பக்கம் கரிசலில் குத்தினால், காயக் காய மண் வெடித்து சென்சாரைச் சுற்றி இடைவெளி விழும். அப்புறம் அது மண்ணை விட்டுவிட்டுக் காற்றை அளந்துகொண்டிருக்கும். ‘எலும்பாகக் காய்ந்துவிட்டது’, ‘மண் விலகிவிட்டது’, ‘எலி ஒயரைக் கடித்துவிட்டது’ மூன்றும் உங்கள் ப்ரோகிராமுக்கு ஏறக்குறைய ஒரே எண். இது ஏதோ தோட்டத்துச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். போயிங் 737 மேக்ஸ் விமானத்தில், எதிரே வரும் காற்றுக்கு விமானம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்க்கும் சென்சார் இரண்டு இருந்தன. மூக்கைத் தாழ்த்தும் ப்ரோகிராம் ஒரு நேரத்தில் ஒன்றின் பேச்சை மட்டும் கேட்டது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்த இரண்டு விமானங்களில் 346 பேர் போனார்கள். இரண்டாவது சென்சாரையும் கேட்டால் ஒன்று தவறு என்று தெரியும், எது தவறு என்று தெரியாது. மூன்று வைத்தால் பெரும்பான்மை கேட்கலாம், ஆனால் மூன்றும் ஒரே காரணத்தால் ஒரே மாதிரி கெட்டுப்போனால்?

அந்தக் கடைசிக் கேள்வியை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம்மூர் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டது. மின்சாரம் போவதற்கு ஒரு வாய்ப்பு, டவர் போவதற்கு ஒரு வாய்ப்பு, கருவி மூழ்குவதற்கு ஒரு வாய்ப்பு என்று தனித்தனியாக எடுத்துப் பெருக்கினால், மூன்றும் ஒன்றாக நடக்கவே நடக்காது என்றுதான் கணக்கு வரும். அன்று மூன்றும் ஒரே மழையில் போயின. வெள்ளம் சொல்ல வேண்டிய கருவி வெள்ளத்தில்தான் முதலில் வாயை மூடுகிறது. ஒன்றையொன்று சாராதவை என்று நாம் வைத்துக்கொண்ட பழுதுகள் எப்போதெல்லாம் கைகோத்துக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை எல்லாருக்கும் பொருந்தும் வழி கிடையாது.

அடுத்தது நேரம். அம்பாசமுத்திரத்தில் என் மாமா ஒரு சாயங்காலம் மொபைல் ஸ்டார்ட்டருக்கு ‘ஆன்’ என்று செய்தி அனுப்பினார். டவர் இல்லை, பதிலும் இல்லை. சைக்கிளில் தோட்டத்துக்குப் போய்க் கையால் போட்டு, பாய்ச்சி முடித்து, நிறுத்திவிட்டு வந்தார். மறுநாள் காலையில் மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே கப்ளிங் புஷ் மாற்ற உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து டவர் வந்தது. போய்ச்சேராத செய்தியை நெட்வொர்க் பத்திரமாக வைத்திருந்து பிறகு கொடுக்கும். அதன்படி நேற்றைய ‘ஆன்’ இன்று வந்து சேர்ந்தது, மோட்டார் எடுத்துவிட்டது. கை ஒரு சாண் தள்ளி இருந்தது. மெயினை அணைக்காமல் உட்கார்ந்தது அவர் தப்பு என்று அன்று நானும் கோபப்பட்டேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். செய்தி சரி, ரிலே சரி, ப்ரோகிராம் சரி. ஒரு கட்டளை எவ்வளவு நேரத்துக்குச் செல்லும் என்பது மட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை.

இரண்டு நிமிடத்துக்கு மேல் பழைய கட்டளையைத் தூக்கிப்போடு என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது என்பீர்கள். சரி, அப்படியானால் கருவிக்கு இப்போது மணி என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். சாதாரண கடிகாரக் கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகும், அதாவது ஒரு நாளைக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 50 விநாடி சொச்சம். இது அறை வெப்பத்தில். சித்திரை வெயிலில் தகரப் பேனலுக்குள் 55 டிகிரி வந்தால் அந்த வகைக் கிரிஸ்டல் இன்னும் 30 பங்கு மெதுவாகிவிடும். பட்டன் செல் தீர்ந்தால் மணி ஏதோ ஒரு பழைய வருடத்துக்குப் போய் நிற்கும். அப்போது எந்தக் கட்டளை பழையது? தன் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, பல கருவிகள் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் முடிவெடுப்பது எப்படி என்பது நிஜமான ஆராய்ச்சிக் களம். இதற்கு அடியில் இன்னொரு குறை இருக்கிறது. நாம் எழுதுகிற சி மொழியில், இந்த வேலை 5 மில்லிவிநாடிக்குள் முடிந்தாக வேண்டும் என்று சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. விடை சரியா என்று மொழி கேட்கும். நேரத்துக்கு வந்ததா என்று கேட்காது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எட்வர்ட் லீ இந்தக் குறையைத்தான் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்.

ஒரே ஒரு ப்ராசஸரில் பல வேலைகள் ஓடினால், அடிக்கடி வருவதற்கு முன்னுரிமை கொடுத்து, மொத்தச் சுமை சுமார் 69 சதவீதத்துக்குள் இருந்தால் எதுவும் கெடு தவறாது என்று லியூ, லேலண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973இலேயே நிரூபித்துவிட்டார்கள். இது உறுதி. ஆனால் அந்தக் கணக்குக்கு ஒவ்வொரு வேலையும் அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிய வேண்டும். பழைய 8 பிட் சிப்பில் எண்ணிச் சொல்லிவிடலாம். இன்று கேஷ் என்ற சிறு வேக மெமரியும், ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு கோரும், பொது மெமரியும் உள்ள சிப்பில், பக்கத்துக் கோர் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் வேலையின் நேரம் மாறும். அதற்கு நம்பத்தகுந்த, ஆனால் அநியாயத்துக்கு உயர்ந்துவிடாத மேல்வரம்பு கண்டுபிடிப்பது இன்னும் முடியாத வேலை.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன். 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் 5 ஹெச்பி மோட்டார் 15 இருக்கிறது என்று வையுங்கள். ஓடும்போது ஒன்றுக்கு 7.5 ஆம்பியர் அளவில், எல்லாம் சேர்த்து 112. டிரான்ஸ்ஃபார்மர் 130 சொச்சம் தாங்கும், பிரச்சினை இல்லை. ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு மடங்கு இழுக்கும். மின்சாரம் போய்த் திரும்பியதும் 15 தோட்டத்திலும் ஆட்டோவில், அதாவது தானாகப் போடும்படி, விட்ட கருவிகள் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டால் கணக்குப்படி 675 ஆம்பியர். அவ்வளவு எங்கே வரும்? வோல்டேஜ் படுத்துவிடும், மோட்டார்கள் வேகம் எடுக்க முடியாமல் முனகும். ஒவ்வொரு கருவியும் வோல்டேஜ் குறைவு என்று கண்டு தன் மோட்டாரைக் காப்பாற்ற விட்டுவிடும். விட்டதும் வோல்டேஜ் நிமிரும். மறுபடி போடுவதற்குமுன் காத்திருக்கும் நேரம் எல்லாவற்றிலும் அதே 30 விநாடி. 30 விநாடி கழித்து மறுபடி எல்லாம் சேர்ந்து கிளம்பும். இது ஃபியூஸ் போகும்வரை நடக்கும். 15 கருவியும் தனித்தனியாகச் சோதனையில் தேறியவை. ஒன்றில்கூடத் தப்பு கிடையாது.

ஆளுக்கொரு தற்செயல் தாமதம் வைத்தால் போதுமே என்று தோன்றும். 1970களின் தொடக்கத்தில் ஹவாயில் ரேடியோ வலையமைப்புக்குக் கண்ட வழி அதுதான், நானும் அதைத்தான் வைத்தேன். பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆனால் அங்கே மோதல் நடந்தால் ஒரு செய்தி வீணாகும், திரும்ப அனுப்பினால் ஆயிற்று. இங்கே ஒவ்வொரு தோற்ற முயற்சியும் காயிலில் சூடாகத் தங்கும். அடுத்த முயற்சிக்கு எவ்வளவு பொறுக்கலாம் என்பதைக் கருவியால் நேரில் பார்க்க முடியாத அந்தச் சூடு தீர்மானிக்கிறது. அதுவும் லைனின் கடைக்கோடித் தோட்டத்துக்கு எப்போதும் வோல்டேஜ் குறைவு, ஆகவே அவர் கருவிதான் எப்போதும் முதலில் பின்வாங்கும், கடைசியில் தண்ணீர் பாய்ச்சும். கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல், வோல்டேஜ் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்து, யார் காயிலும் கருகாமல், கடைக்கோடிக்காரரும் பட்டினி கிடக்காமல் முறை வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்று நிரூபிக்க முடியுமா? எத்தனை மோட்டார்வரை? இதற்கு என்னிடம் விடை இல்லை. 15 வீட்டுக்காரரைக் கூட்டி வைத்து ஆளுக்கொரு நேரம் எழுதிக் கொடுத்தது மட்டும்தான் என்னால் முடிந்தது.

இது பம்ப்செட்டோடு நிற்பதில்லை. காத்தாடிகளிலும் இதே கதைதான். லைனில் வோல்டேஜ் ஒரு நொடி தாழ்ந்தால் பழைய காத்தாடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள லைனை விட்டு விலகும். நான்கைந்து காத்தாடி இருந்த காலத்தில் அது புத்திசாலித்தனம். ஆனி, ஆடிக் காற்றில் நூற்றுக்கணக்கில் ஓடும்போது எல்லாம் ஒன்றாக விலகினால், தாழ்ந்த லைன் இன்னும் தாழும். அதனால்தான் ஒரு குறிப்பிட்ட நேரம் தாக்குப்பிடித்து லைனிலேயே நிற்க வேண்டும் என்று பிற்பாடு விதி கொண்டுவந்தார்கள். பகுதிகள் ஒவ்வொன்றும் சரி என்பதிலிருந்து முழுமையும் சரி என்று எப்போது முடிவுக்கு வரலாம் என்பதுதான், என்னைக் கேட்டால், இந்தத் துறையின் தலைக்கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஹேக்கிங் பற்றிச் சுருக்கமாக. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், ஈரானின் நடான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளின் வேகத்தைக் கெடுத்துக்கொண்டே, கண்காணிப்புத் திரைக்குப் பழைய நல்ல அளவுகளைப் போட்டுக் காட்டியது. என் மோட்டார் தற்செயலாகச் செய்ததை அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள். நம் மாவட்டத்துக் கூடங்குளத்தில் 2019இல் நிர்வாக வலையமைப்புக் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலைக் கட்டுப்பாட்டுக் கணினிகள் தனி, அவை பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. உங்கள் ஸ்டார்ட்டர் யார் எண்ணிலிருந்து கால் வருகிறது என்பதை மட்டும் பார்த்துப் போடுகிறது என்றால், அந்த எண்ணைப் போலியாகக் காட்ட முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு மேல் இதில் நான் பேசினால் அதிகப்பிரசங்கித்தனம்.

நிரூபணம் பற்றியும் படித்ததைச் சொல்கிறேன். எஸ்இஎல்4 என்ற சிறிய இயக்க உட்கருவை, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை, சுமார் 8,700 வரி சி நிரலை, அதன் வரையறைக்கு ஒத்தது என்று 2009இல் முழுக்க நிரூபித்தார்கள். ஒரே ஆள் செய்தால் சுமார் 20 வருடம் ஆகும் அளவுக்கு உழைப்பு. ஆக, முடியாத காரியம் இல்லை, விலைதான் அதிகம். ஆனால் மோட்டார், வெப்பம், தண்ணீர் என்று தொடர்ச்சியாக மாறுவதையும் ஆன், ஆஃப் என்று தாவுவதையும் ஒன்றாகச் சேர்த்தால், ‘இந்த அமைப்பு எப்போதாவது ஆபத்தான நிலைக்குப் போகுமா’ என்ற கேள்விக்குப் பொதுவான தீர்வுமுறையே இருக்க முடியாது என்பதும் 1990களிலேயே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. அதனால் எந்த வகை அமைப்புக்கு முடியும், எவ்வளவு தோராயம் சகிக்கலாம் என்று சுற்றி வளைத்துத்தான் போகிறார்கள். பழகிக் கற்றுக்கொள்ளும் ஏஐ நிரலைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்கு உத்தரவாதம் கொடுக்க முடியுமா என்பதில் பெரிய ஆட்களே ஒத்துப்போவதில்லை. எனக்கு நம்பிக்கை குறைவு. அது ஒரு மெக்கானிக்கின் பயம், வாதம் இல்லை.

உங்கள் ப்ராஜெக்டுக்கு வருவோம். இருப்பதை இடிக்க வேண்டாம். அதில் ஒரு நம்பிக்கையைப் பிடியுங்கள், பொய்யாக்குங்கள், அது பொய்த்ததைக் கருவி தானே கண்டுகொள்ளுமா என்று கேளுங்கள். நானாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் கேள்வியை எடுப்பேன். ஏனென்றால் அதற்கான ஆய்வகம் ஏற்கெனவே உங்கள் ஊரில் கம்பத்தின் மேல் தொங்குகிறது. தேசிய அளவில் இதற்கென்றே ஒரு திட்டம் 2018 டிசம்பரில் 3,660 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்றது. அதன் 25 மையங்களில் சென்னை ஐஐடியின் பிரவர்த்தக்கும் ஒன்று, சென்சாரும் கட்டுப்பாடும்தான் அவர்கள் பக்கம். உங்கள் கைடைக் கேட்டுவிட்டு எழுதிப் பார்க்கலாம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். முதலில் உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் எத்தனை மோட்டார் இருக்கிறது, அதில் எத்தனை ஆட்டோவில் கிடக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து எண்ணுங்கள். அப்புறம் லைனின் தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று என்று மூன்று இடத்தில் வோல்டேஜும் கரண்டும் நேரத்தோடு பதிவாகும்படி லாகர் வையுங்கள், குறைந்தது ஒரு கார் பருவம் முழுக்க. பதிவு இடைவெளி ஒரு விநாடி என்று வைத்தால் கிளம்பும் கரண்ட் தப்பிவிடும். மாற்றம் வரும்போது மட்டும் நெருக்கமாக எடுக்கச் சொல்லுங்கள். பேனலில் ஒயர் போகும் ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்துவிடுங்கள். என் முதல் லாகர் பதினோராவது நாள் செத்தது, திறந்து பார்த்தால் இரண்டு ஃபேஸுக்கும் நடுவே ஒரு பல்லி.